போனைப் புடுங்கி பீரோல வெச்சா அந்தப் பொண்ணு எங்க போய் சொல்லுவா?

போன வருஷம் சம்பா நடவு முடிஞ்ச நேரம், ராத்திரி ஒம்போது மணிக்கு மேல இருக்கும், நாலு வீடு தள்ளி இருக்குற அண்ணி வந்து கதவைத் தட்டுனாங்க. நான் வலங்கைமான் பக்கத்து கிராமம், மகளிர் குழுவுக்கு கணக்கு எழுதுறவ, ஆன்லைன்ல எதாவது ஃபார்ம் போடணும்னா தெருப் பொம்பளைங்க என்கிட்டதான் வருவாங்க, அப்புடி எதாவதுன்னு நெனச்சேன். அண்ணி உள்ள வந்து கதவைச் சாத்திட்டு, சத்தமே இல்லாம அழுதாங்க.

விஷயம் இதுதான். அவங்க பொண்ணு கும்பகோணத்துல ரெண்டாம் வருஷம் படிக்கிறா. அத்தை பையன் கல்யாணத்துல எடுத்த அவ போட்டோவ யாரோ எடுத்து, அவ பேர்லயே இன்ஸ்டாகிராம்ல ஒரு ஃபேக் ஐடி திறந்து, கீழ அவ செல் நம்பரையும் போட்டு, கூடவே ஒரு ரேட்டும் எழுதி வெச்சுட்டான். அன்னிக்கி மட்டும் முப்பது நாப்பது கால், எல்லாம் தெரியாத ஆம்பளைங்க. அப்பாவுக்குத் தெரிஞ்ச உடனே அவர் செஞ்ச மொத வேலை சிம்மை ஒடிச்சுப் போட்டது, ரெண்டாவது வேலை போனைப் புடுங்கி பீரோல வெச்சுப் பூட்டுனது, மூணாவது, நாளைலேர்ந்து காலேஜ் வேணாம்னு சொன்னது. அந்த ஐடி மட்டும் அப்புடியேதான் இருந்துச்சு. அவன் அடுத்து இவ தம்பிக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சுட்டான்.

நானும் அன்னிக்கி ஒரு தப்பு பண்ணேன், அதை மறைக்கக் கூடாது. போய் அந்தப் புள்ளைய பார்த்ததும் என் வாயிலேர்ந்து வந்த மொத வார்த்தை "ஏன் பாப்பா போட்டோலாம் போடுற" தான். அவ என்னைய நிமிர்ந்து பார்த்துட்டு "நான் போடல அத்தை" ன்னா. அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவ என்கிட்ட பேசல. அந்த ரெண்டு நாளும் அந்த ஐடி ஓடிட்டுதான் இருந்துச்சு. இதை ஏன் விவரமா எழுதணும்னு தோணுச்சுன்னா, இந்த மாதிரி கேஸ் நம்ம டெல்டா ஊருங்கள்ல இப்ப ஒண்ணு ரெண்டு இல்ல, ஆனா எங்க போவணும், எதை மொதல்ல செய்யணும், எதை செய்யவே கூடாதுன்னு படிச்சவங்களுக்கே தெரியல.

மொதல்ல ஒண்ணு சொல்லணும், இது புதுசா வந்த வியாதி இல்ல. இந்தியாவுல ஐடி ஆக்ட்ல, அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல, ஆபாசப் பதிவுக்கு மொத தண்டனை குடுத்ததே நம்ம தமிழ்நாட்டுலதான், 2004 நவம்பர்ல, எழும்பூர் கோர்ட்ல. அப்ப இன்ஸ்டாவும் இல்ல வாட்ஸப்பும் இல்ல, யாஹூ மெசேஜ் குரூப். விவாகரத்து ஆன ஒரு பொம்பள, கட்டிக்கிறேன்னு வந்தவனை வேணாம்னு சொன்னாங்க, அதுக்கு அவன் அவங்க நம்பரைப் போட்டு அசிங்கமா எழுதி வெச்சான், கண்டவனும் போன் பண்ணான். அந்தம்மா பிப்ரவரில புகார் குடுத்தாங்க, நவம்பர்ல தீர்ப்பே வந்துடுச்சு. எங்க தெருப் பொண்ணுக்கு நடந்ததும் அச்சு அசலா அதேதான். இருபது வருஷத்துல மாறுனது ஆப் மட்டும்தான். வேணாம்னு சொன்ன பொண்ணை ஊர் முன்னாடி கேவலப்படுத்துறதுங்கிற புத்தி அப்புடியே இருக்கு.

இப்ப கூட சேர்ந்துருக்குறது சில புது வழிங்க. முன்னாடி ஒரு போட்டோவ மார்ஃபிங் பண்ணணும்னா அதுக்கு ஒரு வேலை தெரிஞ்ச ஆள் வேணும், இப்ப ஏஐ ஆப்ல டிபிய போட்டா போதும், துணி இல்லாத மாதிரி அதுவே செஞ்சு குடுத்துடுது. அதனால "நீ ஒழுங்கா இருந்தா உன் படம் ஏன் வருது" ங்குற கேள்விக்கு இனிமே அர்த்தமே இல்ல, ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோ போதும் அவனுங்களுக்கு. அப்புறம் பழைய காதலன், பிரிஞ்ச புருஷன், இவங்க நம்பி அனுப்புன படத்தை வெச்சு மிரட்டுறது. தெரியாத நம்பர்லேர்ந்து வீடியோ கால் வந்து, எடுத்த அஞ்சு செகண்டுல ரெக்கார்ட் பண்ணிட்டு காசு கேக்குறது, இது ஆம்பளைப் புள்ளைங்களுக்கும் நடக்குது, அவங்களும் வெளிய சொல்லாம சாவுறாங்க உள்ளுக்குள்ள.

நம்ம பக்கம் அதிகமா பேச வேண்டியது லோன் ஆப். டெல்டால பொம்பளைங்க கடன் எப்புடி ஓடுதுன்னு இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், குழுக் கடன், மைக்ரோஃபைனான்ஸ், வாரத் தவணை, குறுவைக்கு தண்ணி லேட்டானா நடவு வேலை இல்ல, வேலை இல்லன்னா தவணை கட்ட காசு இல்ல, அந்த நேரத்துல போன்ல அஞ்சு நிமிஷத்துல அஞ்சாயிரம்னு விளம்பரம் வருது. இன்ஸ்டால் பண்ணும்போது கான்டாக்ட், கேலரி எல்லாத்துக்கும் அலோ கேக்கும், அவசரத்துல குடுத்துடுவாங்க. ஒரு நாள் தவணை தப்புனா இவங்க முகத்தை வெச்சு அசிங்கமான படம் செஞ்சு கான்டாக்ட்ல இருக்குற அத்தனை பேருக்கும், மச்சினன், வாத்தியார், பால்காரர் வரைக்கும் அனுப்பிடுறானுங்க. இது வசூல் இல்ல, பாலியல் வன்முறை, அப்புடித்தான் இதைப் பார்க்கணும். 2022 செப்டம்பர்லயே ரிசர்வ் பேங்க், கடன் ஆப்புங்க கான்டாக்ட் லிஸ்ட், கேலரி, கால் லாக் எதையும் தொடக்கூடாதுன்னு விதி போட்டுடுச்சு. அதனால அதைக் கேக்குற ஆப்ப பார்த்தாலே அது முறையான கடன் இல்லன்னு முடிவு பண்ணிடலாம்.

பொது வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்கு நடக்குறது தனி. தமிழ்நாட்டுல உள்ளாட்சியில பொம்பளைங்களுக்கு பாதிக்குப் பாதி இட ஒதுக்கீடுன்னு 2016-ல சட்டம் வந்துச்சு, 2019 டிசம்பர் தேர்தல்ல எத்தனையோ பேர் தலைவியா வந்தாங்க. நூறு நாள் வேலைக் கணக்கு கேட்டாலோ, வாய்க்கால் ஆக்கிரமிப்ப எடுக்கச் சொன்னாலோ, மறுநாள் ஊர் வாட்ஸப் குரூப்ல அந்தம்மா கணக்கைப் பத்தி பேச்சு வராது, யார் வண்டியில போனாங்கன்னுதான் வரும். பெரிய அளவுலயும் இதே கதைதான், 2019 பார்லிமென்ட் தேர்தல் சமயத்துல 95 பெண் அரசியல்வாதிங்களுக்கு வந்த ட்வீட்டை அம்னெஸ்டி இந்தியாங்குற மனித உரிமை அமைப்பு எடுத்துப் பார்த்ததுல ஏழுக்கு ஒண்ணு கேவலமா திட்டுனதா இல்ல தொந்தரவு பண்றதா இருந்துச்சு. தாழ்த்தப்பட்ட சாதிலேர்ந்து வந்த தலைவின்னா வசவு ரெண்டு மடங்கு, பொம்பளைங்குறதுக்கு ஒண்ணு, சாதிக்கு ஒண்ணு.

இதுல ஊரோட அமைப்பு என்ன பண்ணுதுன்னும் பார்க்கணும். சென்னையில ஒரு பொண்ணோட படம் சுத்துனா பக்கத்து ஃப்ளாட்காரனுக்கு அவ பேர் தெரியாது. இங்க ஒரு படம் திருவிழா குரூப்ல விழுந்தா பத்து நிமிஷத்துல யாரு பொண்ணு, எந்தத் தெரு, மாமன் யாரு, எந்த வீட்ல சம்பந்தம் பேசிட்டு இருக்காங்க, எல்லாம் வந்துடும். புருஷன் துபாய்லயோ சிங்கப்பூர்லயோ இருப்பாரு, அவருக்கும் இங்கேர்ந்து எவனாவது ஃபார்வேர்ட் பண்ணிடுவான், அவர் அங்கேர்ந்து போன்ல கத்துவாரு, இவ இங்க மாமியார் வீட்ல நிக்கணும். நம்பர் வெளிய போறதுக்கும் இங்க வழி ஜாஸ்தி, செல் கடைல டாப்அப் போட நம்பர் சொல்லணும், நாலு பேர் நிக்குற இடத்துல சத்தமா சொல்லணும், டிஸ்பிளே மாத்த குடுக்கும்போது பேட்டர்ன் லாக்கும் சேர்த்துக் குடுக்கணும். எங்க குழுல இப்ப ஒரு பழக்கம் வெச்சுருக்கோம், ரிப்பேருக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி கேலரிய வேற எடத்துக்கு மாத்திட்டு, கடைக்காரர் செய்யுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்குறது.

ஆக மிரட்டுறவன் கைல இருக்குறது படம் இல்ல. வீட்ல தெரிஞ்சா என்ன ஆவுமோங்குற இவளோட பயம்தான் அவன் கைல இருக்கு. அப்பா அடிப்பாரு, காலேஜ் நிறுத்துவாங்க, அவசரமா எவனுக்காவது கட்டிக் குடுத்துடுவாங்க, இது எல்லாம் அவனுக்கும் தெரியும், ஏன்னா அவனும் இதே ஊர்லதானே வளர்ந்தான். வீட்ல மொதல்ல கேக்குறவங்க "சரி, வா, பார்த்துக்கலாம்" னு சொல்லிட்டா அவன் மிரட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. போனைப் புடுங்குனா நேர்மாறா ஆவுது, அவ ஃபிரெண்டுங்க துண்டிக்கப்படுறாங்க, படிப்பு போவுது, ஆதாரமும் அந்தப் போனுக்குள்ளயே மாட்டிக்குது, அவன் என்ன நெனச்சானோ அதை நம்மளே செஞ்சு முடிச்சுக் குடுத்துடுறோம்.

2016 ஜூன்ல சேலம் பக்கத்துல நடந்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். இருபத்தோரு வயசுப் பொண்ணு, மார்ஃபிங் பண்ண படத்தை ஃபேஸ்புக்ல போட்டான், குடும்பம் புகார் குடுத்துச்சு, நடவடிக்கை இழுத்துக்கிட்டே போச்சு, புகாரைப் பார்க்க வேண்டிய ஒரு போலீஸ்காரர் செல்போனை லஞ்சமா வாங்குனது பின்னாடி வெளிய வந்துச்சு. அந்தப் பொண்ணு நம்மளோட இப்ப இல்ல. வீட்லயே நம்பலியேங்குற வேதனையும் அதுல இருந்துச்சு. எஸ்.பி. பின்னாடி மன்னிப்பு கேட்டாரு, ஆளையும் புடிச்சாங்க. ஆனா அந்த நாலஞ்சு நாள்ல ஒரே ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து நம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் இன்னிக்கும் யோசிக்கிறேன்.

சரி, நடந்துடுச்சு, என்ன செய்யணும்? எதையும் டெலீட் பண்ணக்கூடாது, இதுதான் மொதல். பயத்துல எல்லாரும் செய்யுறது அதுதான், சாட்டை அழிச்சு, அக்கவுன்ட்ட மூடி, போனை ரீசெட் அடிச்சு, சிம்மை ஒடிச்சு. எங்க தெருப் பொண்ணு விஷயத்துல சிம்மை ஒடிச்சதால அவ இன்ஸ்டா அக்கவுன்ட்டுக்கு ஓடிபி வாங்கவே டூப்ளிகேட் சிம் போட்டு ரெண்டு நாள் அலைஞ்சோம். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது வெறும் படத்தை எடுக்காதீங்க, மேல அந்த ஐடியோட யூசர்நேம், தேதி, நேரம் தெரியணும், புரொஃபைல் லிங்க்க காப்பி பண்ணி தனியா வெச்சுக்கணும், ஏன்னா பேரை அவன் எத்தனை வாட்டி வேணா மாத்துவான். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் போட்டு ஐடிய தேடுறதுலேர்ந்து பதிவு வரைக்கும் ஒரே ஓட்டமா எடுத்து வெச்சா இன்னும் நல்லது. வந்த கால் லிஸ்ட்டையும் எடுத்து வைங்க. கோர்ட்டுக்குப் போவும்போது எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு ஒரு சர்டிபிகேட் வேணும், பழைய சட்டத்துல 65பி, இப்ப சாட்சிய சட்டத்துல பிரிவு 63, எந்த டிவைஸ்லேர்ந்து எடுத்ததுன்னு சொல்லணும், அதனால அந்தப் போனை விக்காம, ரீசெட் பண்ணாம பத்திரமா வெச்சுக்கணும்.

காசு கேட்டா குடுக்கக்கூடாது. குடுத்தா நிறுத்துவான்னு நெனச்சுக் குடுத்தவங்க யாருமே ஒரு வாட்டியோட நின்னதை நான் பார்த்ததில்ல, நகையை அடகு வெச்சுக் குடுத்தவங்க உண்டு. அண்ணன் தம்பி நாலு பேரு கம்பெடுத்துக்கிட்டுப் போறதும் வேணாம், அவன் உடனே எல்லாத்தையும் அழிச்சுடுவான், அப்புறம் நம்ம புள்ளைங்க மேல அடிதடி கேஸ் வரும், ரெண்டு சாதிக்காரங்கன்னா ஊர்க் கலவரமே வரும். எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு, ரிப்போர்ட் அடிச்சுட்டு, அப்புறமா பிளாக் பண்ணணும். அந்த வரிசை முக்கியம்.

புகார் குடுக்க இப்ப ஸ்டேஷன் வாசல்லதான் போய் நிக்கணும்னு இல்ல, எதிர்ல டீக்கடையில ஊர்க்காரன் பார்ப்பானேன்னு பயப்படுறவங்களுக்கு இது பெரிய விஷயம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்னு மத்திய அரசோட போர்ட்டல் 2019-லேர்ந்து முழுசா ஓடுது. அதுல பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றம்னு தனி பிரிவு இருக்கு, அதுல பேர் சொல்லாம புகார் குடுக்கலாம், இல்ல பேர் நம்பர் குடுத்து நிலவரத்தைப் பின்தொடரலாம். பேர் சொல்லாம குடுத்தா அப்புறம் அது என்ன ஆச்சுன்னு நம்மால பார்க்க முடியாது, அதனால முடிஞ்சா ரெண்டாவது வழியில போங்கன்னுதான் சொல்லுவேன். 1930-ங்குற நம்பர் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, அது முக்கியமா பணம் போன கேஸுக்கு, பேங்க்ல பணத்தை நிறுத்தி வெக்கிறதுக்கு. மிரட்டி காசு வாங்கியிருந்தா அதுக்கும் உடனே அடிங்க. பொம்பளைங்களுக்கான உதவிக்கு 181, பதினெட்டு வயசுக்குக் கீழன்னா 1098, இப்பவே உயிருக்கு ஆபத்துன்னா 112.

நேர்ல போறதா இருந்தா மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கு, இல்ல பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையம். "இது எங்க லிமிட் இல்லம்மா, தஞ்சாவூர் போங்க, திருவாரூர் போங்க" ன்னு அலைய விட்டா அது சட்டப்படி தப்பு. 2024 ஜூலை 1-லேர்ந்து நடைமுறைக்கு வந்த புது குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173-ல, குற்றம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் பதிவு பண்ணலாம், ஜீரோ எஃப்ஐஆர்னு சொல்றது அதுதான். ஆன்லைன்ல அனுப்பிட்டு மூணு நாளுக்குள்ள போய் கையெழுத்துப் போடலாம். பாலியல் தொல்லை, ஒளிஞ்சு படம் எடுக்குறது, பின்தொடர்றது மாதிரி குற்றங்கள்ல பொண்ணு சொல்றதை ஒரு பெண் அதிகாரிதான் எழுதிக்கணும். எஃப்ஐஆர் காப்பி இலவசம். பதிவு பண்ண மாட்டேன்னா எஸ்.பி.க்கு எழுதி தபால்ல அனுப்பலாம், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்.

சட்டத்துல எது எதுக்கு எந்தப் பிரிவுன்னு முழுசா ஒப்பிக்கத் தேவையில்ல, அது வக்கீல் வேலை, ஆனா ஒண்ணு மட்டும் எல்லாப் பொண்ணுங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். "நீயேதான அனுப்புன, இப்ப என்ன கேஸு" ன்னு ஸ்டேஷன்லயும் கேப்பாங்க வீட்லயும் கேப்பாங்க. ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த தண்டனைச் சட்டம் பி.என்.எஸ். பிரிவு 77-லயே இதுக்கு விளக்கம் இருக்கு, படம் எடுக்க அவ சம்மதிச்சிருந்தாலும், அதை அடுத்தவங்களுக்குக் காட்ட சம்மதிக்கலன்னா, பரப்புறது குற்றம்தான். ஆசைப்பட்டு ஒருத்தனை நம்புனது குற்றம் இல்ல, அந்த நம்பிக்கைய ஊருக்குக் காட்டுனதுதான் குற்றம். வேணாம்னு சொன்ன பின்னாடியும் மெசேஜ், கமென்ட், ஃபேக் ஐடின்னு பின்னாடியே வர்றது 78. ஐடி ஆக்ட்ல அடுத்தவங்க அந்தரங்கப் படத்தைப் பரப்புனா 66ஈ, மூணு வருஷம் வரைக்கும். ஆபாசப் பதிவுக்கு 67, மொத தடவை மூணு வருஷம் வரைக்கும். பாலியல் காட்சியே இருந்தா 67ஏ, அஞ்சு வருஷம் வரைக்கும், அதோட பத்து லட்சம் வரைக்கும் அபராதம். தமிழ்நாட்டுல 1998-லேர்ந்து இருக்குற பெண்கள் மீதான தொல்லை தடைச் சட்டத்தையும் 2025 ஜனவரியில சட்டசபையில திருத்தி, செல்போன் கம்ப்யூட்டர் வழியா பண்ற தொல்லையையும் உள்ள கொண்டாந்தாங்க.

பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளையோட படம்னா கதையே வேற, குழந்தைங்களைப் பாலியல் குற்றத்துலேர்ந்து காப்பாத்துற போக்சோ சட்டமும் ஐடி ஆக்ட் 67பியும் வரும், சம்மதம்ங்குற பேச்சுக்கே இடமில்ல, அந்தப் படத்தை போன்ல வெச்சிருக்குறதே குற்றமாவும்னு 2024 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. "யாரோ குரூப்ல அனுப்புனாங்க, நான் சும்மா பார்த்தேன்" ங்குறவங்களும், "பாவம் இந்தப் பொண்ணு, யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க" ன்னு அடுத்த குரூப்புக்கு அனுப்புறவங்களும் இதை மனசுல வெக்கணும். பரிதாபப்பட்டு அனுப்புனாலும் அது பரப்புனதுதான்.

கேஸ் ஒரு பக்கம் மெதுவா நடக்கும். படம் கீழ எறங்குறது உடனே நடக்கணும், பாதிக்கப்பட்டவங்க தூங்குறதும் தூங்காததும் அதுலதான் இருக்கு. 2021-ல வந்த ஐடி ரூல்ஸ்ல, அந்தரங்கப் படமோ மார்ஃபிங் பண்ணதோ ஆள்மாறாட்டமோ, பாதிக்கப்பட்டவங்களோ அவங்க சார்பா வேற ஒருத்தரோ கம்பெனிகிட்ட புகார் குடுத்தா 24 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு வெச்சாங்க, 2026 பிப்ரவரிலேர்ந்து அதை ரெண்டு மணி நேரமா கொறைச்சுட்டாங்க. எடுத்துட்டா ஆதாரம் போயிடுமேன்னு சில பேர் பயப்படுறாங்க, அப்புடி இல்ல, எடுத்ததை விசாரணைக்காக 180 நாள் பாதுகாத்து வெக்கணும்னு அதே ரூல்ஸ்லயே இருக்கு. கம்பெனி கேக்கலன்னா குறைதீர் மேல்முறையீட்டுக் குழுன்னு ஒண்ணு 2023-லேர்ந்து இருக்கு, முப்பது நாளுக்குள்ள ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது.

இன்னொண்ணு, ஸ்டாப் என்சிஐஐ-ன்னு ஒரு சேவை, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, இங்கிலாந்துல ஒரு தொண்டு நிறுவனம் நடத்துது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லங்குறதுதான் இதுல நல்ல விஷயம். நம்ம போன்லயே அந்தப் படத்துலேர்ந்து ஒரு நம்பர் மாதிரி உருவாவும், கைரேகைன்னு வெச்சுக்கங்க, அந்த ரேகை மட்டும்தான் வெளிய போவும், படம் போன்லயே இருக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி சேர்ந்திருக்குற தளங்கள்ல அதே படத்தை எவனாவது ஏத்த வந்தா ரேகை பொருந்தி மாட்டிக்கும். அவன் இன்னும் போடல, போட்டுடுவேன்னு மிரட்டுற கட்டத்துலயே இதைச் செய்யலாம், பயத்துல பாதி கொறையும். பதினெட்டுக்குக் கீழ உள்ளவங்களுக்கு டேக் இட் டவுன்னு தனியா ஒண்ணு இருக்கு. வாட்ஸப்ல தனி ஆளுக்கு தனி ஆள் அனுப்புறதை இது தடுக்காது, அதையும் சொல்லிடணும், பொய் நம்பிக்கை குடுக்கக் கூடாது. வாட்ஸப்ல ரிப்போர்ட் அடிக்கலாம், குரூப் அட்மினை நேர்ல பார்த்து எடுக்கச் சொல்லலாம், ஊர்ப் பெரியவங்க நாலு பேர் சொன்னா அட்மின் கேப்பான், இந்த ஒரு விஷயத்துல மட்டும் சின்ன ஊரா இருக்குறது நமக்கு உதவுது.

இவ்வளவும் இருந்தும் ஏன் கஷ்டம்னா, 2025 ஜூலைல சென்னை ஹைகோர்ட்ல வந்த வழக்கைப் பாருங்க. பாதிக்கப்பட்டவங்க ஒரு பெண் வக்கீல், சட்டம் படிச்சவங்க, அவங்களாலயே தன் படங்களை இறக்க முடியல, ஒரு பக்கம் எடுத்தா வேற பக்கம் வருது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள்ள எல்லாத்தையும் முடக்கணும்னு மத்திய ஐடி அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டாரு, அதோட பாதிக்கப்படுற ஒவ்வொருத்தரும் கோர்ட்டுக்கு வந்து நிக்காம இருக்க ஒரு வழிமுறையையும் கேட்டாரு, அந்த வருஷம் நவம்பர்ல அமைச்சகம் அந்த வழிமுறையை வெளியிட்டுச்சு. வக்கீலுக்கே ஹைகோர்ட் வரைக்கும் போவ வேண்டி இருந்துச்சுன்னா, நடவுக்குப் போற பொம்பளைக்கு எவ்வளவு தூரம்னு யோசிச்சுப் பாருங்க.

பேர் வெளிய வந்துடுமோங்குறதுதான் எல்லாத்துக்கும் மேல பெரிய பயம், அது வெறும் கற்பனையும் இல்ல. 2019 பொள்ளாச்சி வழக்குல புகார் குடுத்த பொண்ணோட பேரை அதிகாரிங்களே வெளிய விட்டாங்க, அதுக்காக இருபத்தஞ்சு லட்சம் இழப்பீடு குடுக்கணும்னு ஹைகோர்ட் மதுரைக் கிளை சொல்லுற அளவுக்குப் போச்சு. அதைப் பார்த்து எத்தனை பொண்ணுங்க வாயைத் திறக்காம இருந்துட்டாங்களோ. ஆனா அதே வழக்குல 2025 மே 13-ந் தேதி ஒம்போது பேருக்கும் சாவுற வரைக்கும் ஆயுள் தண்டனை வந்துச்சு, எட்டுப் பொண்ணுங்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு, சாட்சி சொன்னவங்க ஒருத்தர்கூட பின்வாங்கல. ஆறு வருஷம் அந்தப் பொண்ணுங்க நின்னுருக்காங்க, அவங்க பின்னாடி யாரோ நின்னுருக்காங்க.

பின்னாடி நிக்குறதுன்னா என்னன்னு எனக்கும் மொதல்ல தெரியாது. அட்வைஸ் பண்றது இல்ல அது. எங்க பொண்ணு விஷயத்துல நான் கத்துக்கிட்டது, அவளைத் திரும்பத் திரும்பக் கதை சொல்ல வெக்கக் கூடாது, ஒரு வாட்டி சொன்னதை நான் பேப்பர்ல தேதி போட்டு எழுதி வெச்சேன், அதுக்கப்புறம் யார் கேட்டாலும் அந்தப் பேப்பர்தான் பேசுச்சு. கமென்ட்ட எல்லாம் அவ படிக்க வேணாம்னு நானே போனை வாங்கி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன், அவ கண் முன்னாடியே, அவகிட்ட கேட்டுட்டு. ஒவ்வொண்ணையும் கேட்டுட்டுதான் செய்யணும், ஏற்கனவே ஒருத்தன் அவகிட்ட கேக்காம அவ படத்தை எடுத்திருக்கான், நம்மளும் கேக்காம ஒண்ணு செய்யக்கூடாது. ராத்திரிதான் மோசம், அண்ணிய அவ பக்கத்துல படுக்கச் சொன்னேன். சாப்பாடு எறங்காது, மோரோ கஞ்சியோ எதாவது.

தூக்கம் போயி, வாழவே வேணாம்ங்குற பேச்சு வந்தா தள்ளிப் போடாதீங்க, தனியா விடாதீங்க, 14416 டெலி மானஸ், நாள் பூரா இருக்கும், தமிழ்லயே பேசலாம், 104-லயும் பேசலாம். ஒவ்வொரு மாவட்டத்துலயும் சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு, கவுன்சலிங், வக்கீல் உதவி, வீட்ல இருக்க முடியாத நிலைமைன்னா சில நாள் தங்க இடம், எல்லாம் ஒரே கூரைக்குள்ள, 181-க்கு அடிச்சாலே சேர்த்து விடுவாங்க. வக்கீலுக்குக் காசு இல்லன்னும் விட வேணாம், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு, கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், இல்ல 15100.

ஆம்பளைப் புள்ளைங்களைப் பத்தி ஒரு வார்த்தை. எங்க பொண்ணுக்கு இதைச் செஞ்சவன் எங்கயோ இருக்குற ஹேக்கர் இல்ல, பக்கத்து ஊர்ப் பையன், இருவது வயசு, அதே பஸ்ல போறவன், ஃப்ரெண்ட் ரெக்வெஸ்ட்ட அவ எடுக்கலன்னு கோவம். அவன் அந்த ஐடிய தன் கூட்டாளிங்க நாலஞ்சு பேருக்குக் காட்டியிருக்கான், ஒருத்தன்கூட "டேய், எடுடா" ன்னு சொல்லல. அவன் அம்மாவும் எங்க குழுவுலதான் வர்றாங்க, இப்ப கூட்டத்துக்கு வந்தா ஓரமா உக்காந்துட்டுப் போயிடுறாங்க. மக வீட்ல போனைப் பூட்டி வெக்கிறோம், மகன் வீட்ல போன்ல என்ன ஓடுதுன்னு எட்டிக்கூடப் பார்க்குறதில்ல.

போர்ட்டல்ல போட்ட ரெண்டாம் நாள் அந்த ஐடி எறங்கிடுச்சு, ஆளைக் கண்டுபுடிக்க ரெண்டு மாசம் ஆச்சு, கேஸ் இன்னும் கோர்ட்ல நடக்குது. பதினோரு நாள் லீவுக்கு அப்புறம் அவ காலேஜ் போனா, மொத நாள் அண்ணிதான் கூடவே பஸ்ல போயி வாசல்ல விட்டுட்டு வந்தாங்க. நம்பரை மாத்திக்கலாம்னு எல்லாரும் சொன்னோம், அவ மாட்டேன்னுட்டா, என் நம்பர் இது, நான் ஏன் மாத்தணும்னா. அதனால இப்பவும் எப்பவாவது ராத்திரி ஒரு கால் வரும், அப்ப போனை எடுக்குறது அவ அப்பா. புகார் நம்பர் எழுதுன சீட்டை அவர் நெல்லு போட்ட ரசீது, பயிர் இன்சூரன்ஸ் பேப்பரோட அதே பிளாஸ்டிக் கவர்ல வெச்சிருக்காரு, வாய்தா அன்னிக்கி அந்தக் கவரோடதான் கெளம்புறாரு.